துண்டு தொங்கினாலும் தட்டு

வேலு,

போனில் பேசினால் நான் கத்துவேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தரம் சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்போம். நீ வந்த நாளிலிருந்து நம் வீட்டில் நடக்கிற கூத்து இதுதான். அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியது கிடையாது. ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவளுக்கு எழுதி வைக்கிற நாலு வரியோடு சரி. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தால் எனக்குத் தெரியாதா என்ன.

நேற்று நீ கம்பெனிப் பக்கத்து உன் வாடகை ரூமிலிருந்து கூப்பிட்டபோது நான் வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பவித்ரா வீட்டில் இருந்து நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றாய். எனக்கு வாயெல்லாம் பல். கெலமங்கலத்தில் தக்காளியும் சாமந்தியும் போடுகிற குடும்பம், மூத்த பெண், உன் கம்பெனியிலேயே குவாலிட்டியில் வேலை. ஒரே ஒரு தரம் நம் வீட்டுக்கு வந்தவள், நான் போட்ட காபியைக் குடித்துவிட்டு "சக்கரை கம்மி ஆன்ட்டி" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது. நீ பேசிக்கொண்டிருக்கும்போதே என் மனசு கேசரியா, போளியா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் நீ குரலைத் தாழ்த்தினாய்.

"அந்த விசயத்த மட்டும் யாரும் எடுக்க வேணாம்மா. பவிக்கே தெரியாது."

அந்த விஷயம். நாம் மூன்று பேரும் ஏழு வருஷமாக அதை அப்படித்தான் சொல்லிவருகிறோம், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. இங்கே நான் பேரைச் சொல்லியே எழுதுகிறேன். உன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது. பத்தொன்பது வயதில் தெரிந்தது. அன்று முதல் தினமும் கூட்டு மருந்து மாத்திரை போடுகிறாய். வேலைக்குப் போகிறாய், ஷட்டில் ஆடுகிறாய், என்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறாய். எழுதிவிட்டேன் பார், கை ஒன்றும் வெந்துவிடவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அதை நீயே பவித்ராவிடம் சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன். அது உன் உடம்பு, அதைப் பற்றிப் பேசுகிற வாய் உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் காவேரிப்பட்டினத்தில் இருக்கிற என் கூடப்பிறந்த அக்காவிடமே மூச்சு விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அதே சமயம், அந்தப் பெண்ணின் அப்பா என் எதிரில் உட்கார்ந்து "பையனுக்கு உடம்புல ஒண்ணும் தொந்தரவு இல்லீங்களே" என்று கேட்டால், "ஐயோ, ஒண்ணுமே இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது. நீ சொல்லவில்லை என்றால் அன்றைக்கு நான் ஓ.டி. கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடுவேன். உங்கப்பா தனியாக உட்கார்ந்து மிக்சர் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கட்டும்.

இது மிரட்டல் இல்லை. மிரட்டல் மாதிரிதான் இருக்கிறது என்று நீ சொல்வாய். என் பேச்சே அப்படித்தான், உனக்குப் புதுசா.

நீ எங்களிடம் வந்தபோது உனக்குப் பதிமூன்று வயது. எங்களுக்குக் குழந்தை இல்லை என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கைக்குழந்தையாகப் பார்த்துத் தத்து எடுக்கச் சொன்னார்கள். நானும் உங்கப்பாவும் மாறி மாறி ஷிப்ட் போகிறவர்கள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? தானே சட்டை மாட்டிக்கொண்டு, தானே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைதான் நமக்கு லாயக்கு என்று உங்கப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. விசாரித்துக்கொண்டு வந்தார். இல்லத்தில் வளர்கிற பெரிய பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை வீட்டில் வைத்து வளர்க்க ஒரு ஏற்பாடு இருக்கிறது, தத்து இல்லை, வளர்ப்புப் பெற்றோர் என்று பேர், அரசாங்கம் உத்தரவு கொடுக்கும், குழந்தைகள் நல ஆபீஸ் மேடம்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள் என்றார். அப்படித்தான் ஒரு நாள் ஒரு பையும் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸுமாக நீ வந்து நின்றாய். அதற்கு முன்னால் நீ மூன்று இடம் மாறியிருந்தாய் என்று சொன்னார்கள். முதல் ஒரு வருஷம் என்னை "மேடம்" என்றுதான் கூப்பிட்டாய். கரண்டியோடு நிற்கிற என்னைப் போய் மேடமாம். உங்கப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

துண்டு சமாசாரம் உனக்கு அப்போது புரியவில்லை. நம் லைன் வீடுகளில் எல்லாரும் கம்பெனி ஆட்கள். யாராவது ஒருத்தர் இராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்படித் தூங்குகிறவர் வீட்டுக் கதவில், தாழ்ப்பாளுக்கு மேலே ஒரு துண்டு தொங்கும். துண்டு தொங்கினால் தட்டக்கூடாது. கேஸ்காரர்கூடச் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு போவார். பந்து விளையாடுகிற பிள்ளைகள் தானாகவே அடுத்த சந்துக்கு நகர்ந்துவிடும். நம் வீட்டுக்குள்ளேயும் அதே சட்டம்தான், எந்த ரூம் கதவில் துண்டோ அந்தப் பக்கம் யாரும் போக மாட்டோம். நீ வந்த புதிதில் அது தெரியாமல் குளிக்கப் போகும்போது பாத்ரூம் கதவில் துண்டைத் தொங்கவிட்டாய். உங்கப்பா அவசரத்தை அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் வெளியில் நின்றார், சட்டத்தை மீற மனசில்லாமல். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

உனக்குப் பதினெட்டு முடிந்த அன்று மேடம் வந்து எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உத்தரவு அதோடு முடிந்தது. எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ரேஷன் கார்டு மாற்றுகிற மாதிரி ஒரு வேலை, முடிந்தது, அவ்வளவுதான். நான் ஷிப்டுக்குப் போனேன், உங்கப்பா ஷிப்ட் முடிந்து வந்து படுத்தார். நீ நம் வீட்டில்தான் இருக்கப்போகிறாய் என்பது எங்களுக்கு அவ்வளவு உறுதி, அதனால் அதை வாயால் சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. ஆனால் நீ இல்லத்தில் வளர்ந்தவன். அங்கே பதினெட்டு முடிந்த அண்ணன்கள் பையைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவன். அதே வாரத்தில் காண்ட்ராக்டில் வேலைக்குச் சேர்ந்தாய். எங்களுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று நீ சேர்ந்திருக்கிறாய். பிள்ளை சுறுசுறுப்பு என்று நான் லைன் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன். உனக்கென்று தனியாக ஒரு நீலத் துண்டு வாங்கிக் கொடுத்தேன், நீயும் இனிமேல் ஷிப்ட் ஆள் என்று.

அந்த நீலத் துண்டுதான் நம்மைக் கவிழ்த்தது. முதலில் வாரத்தில் சில நாள் தொங்கியது. அப்புறம் எப்போது பார்த்தாலும் தொங்கியது. கேட்டால் நைட் ஷிப்ட் என்பாய், ஓ.டி. என்பாய். நாங்கள் பூனை மாதிரி நடந்தோம். டி.வி.யைச் சத்தமில்லாமல் படம் மட்டும் பார்த்தோம். குக்கர் விசில் உன்னை எழுப்பிவிடும் என்று நான் பானையில் சோறு வடித்தேன். நீ வேலைக்கே போகாமல் நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, நான் வடித்துக்கொண்டிருந்தேன். வேறு ஊரில், வேறு தொழில் பார்க்கிற வீட்டில் ஒரு பையன் பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால், ஒரு வாரத்தில் "என்னடா உனக்கு" என்று பிடித்து உலுக்கியிருப்பார்கள். எங்களுக்குத் தூக்கம் சாமி மாதிரி. அதைத் தொடக்கூடாது என்றே பழகிவிட்டோம்.

உங்கப்பா மார்க்கெட்டில் அந்தக் காண்ட்ராக்ட் சூப்பர்வைசரைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார். "உங்க பையனுக்கு உடம்பு எப்படி இருக்கு, ஆளையே காணோமே" என்று அவர் கேட்டிருக்கிறார். நல்ல வெயில் நேரம், மத்தியானம். வந்தவர் நேராக உன் ரூம் கதவுக்கு முன்னால் போய் நின்றார். நான் பழக்கதோஷத்தில் உதட்டில் விரலை வைத்துத் தூங்குறான் என்று காட்டினேன். அவர் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த ஓசூருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது, ஒரு நாள்கூடத் துண்டு தொங்குகிற கதவை அவர் தட்டினதில்லை. அன்றைக்குத் தட்டினார்.

"எலேய், கதவத் தொறல."

நீ தூங்கவில்லை. உடனே திறந்தாய். அதுதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது, முழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். வேர்த்துக்கொட்டிக்கொண்டு, அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் உள்ளே போய் நின்றாய். கட்டிலுக்குக் கீழே பை. நீ வந்த அன்று கொண்டுவந்த அதே பை, துணியெல்லாம் அடுக்கி ஜிப் போட்டு வைத்திருந்தது. எங்கேடா போகிறாய் என்று நான் கேட்டேன். நீ சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பதினெட்டு முடிஞ்சிடுச்சில்லம்மா. எப்ப போவச் சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன்."

உங்கப்பா பையை எடுத்து ஜிப்பைத் திறந்தார். ஒவ்வொரு சட்டையாக எடுத்து அலமாரியில் வைத்தார். அந்த மனுஷனுக்கு மடிக்கத் தெரியாது என்பது உனக்கே தெரியும், எல்லாவற்றையும் சுருட்டிச் சுருட்டிச் செருகினார். கடைசியில் காலிப் பையைப் பரணில் தூக்கிப் போட்டார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதற்கப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. முதலில் தூக்கம் வரவில்லை என்று யாரோ கூட்டாளி கொடுத்த மாத்திரை, அப்புறம் அது இல்லாமல் முடியாமல் போனது, அப்புறம் ஊசி. அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் உன்னோடு தனியாக ரொம்ப நேரம் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, மாத்திரையால் மனசு கெடவில்லை, மனசு தாங்காமல் போனதால்தான் மாத்திரைக்குப் போயிருக்கிறான் என்றார். இடம் மாறி மாறி வளர்ந்து, திடீரென்று ஒரு வயதில் தனியாக விடப்படுகிற பிள்ளைகளில் இப்படி நிறையப் பேரை அவர் பார்க்கிறாராம். "நாங்க விடலியே டாக்டர்" என்று நான் சண்டைக்குப் போனேன். "விட்டுட்டீங்கன்னு அவன் நெனச்சிருக்கான், அதுவே போதும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேனா ஸ்டாண்டை எடுத்து வீசியிருப்பேன். வெளியே வந்து பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று அவர்தான் அங்கேயே எச்.ஐ.வி. சோதனை செய்கிற நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கவுன்சிலிங் மேடம் உன்னைக் கேட்டுக்கொண்டுதான் எங்களையும் உள்ளே விட்டார். பிறகு ஊசி வழியாகவா, வேறு விதமாகவா என்று அவர் கேட்கத் தொடங்கியபோது நீ தலையைக் குனிந்தாய். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம். வெளியே டீக்கடையில் சர்க்கரை அதிகம் என்று அந்த ஆளைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தேன், பாவம், அவன் என்ன செய்வான். உள்ளே உங்கப்பா அந்த மையத்து டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "இவனுக்குக் கறி மீனெல்லாம் குடுக்கலாம்லா?" டாக்டர் சிரித்துவிட்டு, நன்றாகக் கொடுங்கள், மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் ஆட்டுக்கால் சூப்பு.

சுலபமாக ஒன்றும் நீ எழுந்துவிடவில்லை. போதை மீட்பு வார்டில் இருந்த நாட்களில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாய். வீட்டுக்கு வந்தும் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். நடுவில், மறுபடி சேர்ந்த காண்ட்ராக்ட் வேலை போனபோது ஒரு தரம் சறுக்கினாய், இரண்டு நாள் ஆளைக் காணோம். அப்புறம் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி பஸ் ஸ்டாப்பிலிருந்து போன். "அம்மா, மறுபடி போயிட்டேன். வந்து கூட்டிட்டுப் போ." வந்தேன். திரும்புகிற பஸ்ஸில் ஓசூர் வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா கன்னடத்தில் விடுங்கள் விடுங்கள் என்றார், பின்னால் இருந்த பெரியவர் தெலுங்கில் உனக்குப் புத்தி சொன்னார், கண்டக்டர் தமிழில் என்னை உட்காரச் சொன்னார். திட்டினேனே தவிர, வேலு, உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்தத் தரம் கதவைச் சாத்திக்கொள்ளாமல் நீயே கூப்பிட்டாயே. நீ பிழைத்துவிட்டாய் என்று அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது பவித்ராவுக்கு வருகிறேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன், டெஸ்டில் வைரஸ் தென்படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது, இப்படியே இருந்தால் சேர்ந்து வாழ்கிறவளுக்குப் போகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார், குழந்தைகூடப் பெற்றுக்கொள்ளலாம், அப்புறம் எதற்குச் சொல்லி அவளைப் பயமுறுத்துவது என்பாய். டாக்டர் சொன்னது எல்லாம் சரி. உறை போட வேண்டுமா, எதுவரைக்கும், குழந்தைக்கு எப்போது என்பதையெல்லாம் அவரிடமே இரண்டு பேருமாக உட்கார்ந்து கேளுங்கள். இதை எழுதுகிறபோது எனக்குக் காது சிவக்கிறது, எழுதாமல் விட முடியாது. இரண்டு பேருமாக என்று சொன்னேன் பார், அதற்கு அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் உடம்பைப் பற்றிய முடிவை அவளைக் கேட்காமல் நீயும் டாக்டரும் எடுத்தால் அது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. நீ சொல்லாமல் கட்டிக்கொண்டால் தினமும் மாத்திரையை ஒளித்துவைத்துப் போடவேண்டும். அவள் தூங்கின பிறகு, அவள் குளிக்கப் போன பிறகு. ஒரு நாள் தள்ளிப்போகும். அப்புறம் இரண்டு நாள். அவள் என்ன ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்பாள், நீ ஓ.டி. என்பாய். உன் நீலத் துண்டை மறுபடி எடுத்து உன் வீட்டுக் கதவில் நீயே மாட்டுகிற மாதிரிதான் அது. அந்தப் பெண் நல்லவள், உன் மேல் பிரியம் உள்ளவள், அதனாலேயே தட்டாமல் வெளியில் நிற்பாள், நான் நின்ற மாதிரி.

எனக்கு அதுதான் பயம். நோய்க்கு நான் பயப்படவில்லை.

வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால்? சொல்லலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு, அவள் மேல் கோபப்படாதே. நம் வீட்டுக்கு வந்து அழு. உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் டி.வி. பார்ப்பார், நான் பேசிப் பேசி உயிரை எடுப்பேன். காவேரிப்பட்டினத்து உன் அக்கறைக்காரப் பெரியம்மா வேறு, இப்பவே நட்சத்திரம் என்ன, பிறந்த நேரம் என்ன என்று நச்சரிக்கிறாள். உன் பிறந்த தேதியே இல்லத்தில் குத்துமதிப்பாகப் போட்டதுதான், நான் எங்கே போவேன் நேரத்துக்கு. ஜாதகம் இல்லாமல் பொருத்தம் எப்படிப் பார்ப்பது என்கிறாள். ஒருவர் உண்மையைச் சொல்லி இன்னொருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பொருத்தம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

இதுவரை செவ்வாய்க்கிழமை எழுதியது. புதன்கிழமை நீ வரும்போது கொடுக்கலாம் என்று அரிசி டின்னுக்கு மேலே வைத்திருந்தேன். நீ வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வியாழன், வெள்ளி எனக்கு நைட் ஷிப்ட், கம்பெனி லைனில் நின்றபடியே உனக்கு என்ன ஆயிற்றோ என்று செத்துப் பிழைத்தேன். இன்றைக்குச் சனிக்கிழமை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

காலையில் வேலை முடிந்து வந்து, கதவில் துண்டைப் போட்டுவிட்டுப் படுத்தேன். உங்கப்பா வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம். சின்னத் தட்டு இல்லை, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. எவன்டா அது துண்டு தெரியாத குருடன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய் நிறையத் திட்டோடு கதவைத் திறந்தேன். பவித்ரா நிற்கிறாள். கையில் ஒரு கட்டைப்பை நிறையத் தக்காளி. அழுது வீங்கின கண். திட்டெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

"துண்டு தொங்கினா தட்டக்கூடாதுன்னு அவரு சொல்லியிருக்காரு அத்தை," என்றாள். "தட்டாம இருந்தா என்ன ஆவும்னும் அவரேதான் சொன்னாரு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நீ சொல்லிவிட்டாய் என்று. என் கடிதத்தைப் படிக்காமலேயே, யாரும் நெட்டித் தள்ளாமலேயே, புதன்கிழமை ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாய். வியாழக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் கவுன்சிலிங் மேடத்திடம் உன்னை வெளியே அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டிருக்கிறாள். குவாலிட்டியில் இருக்கிற பெண் இல்லையா. நான் இங்கே விரல் வலிக்க எழுதினது எல்லாம் தண்டம். இப்படி ஒரு தண்டத்துக்காக நான் இதுவரை சந்தோஷப்பட்டதில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். காபி போட்டேன், சர்க்கரையை அள்ளிப் போட்டு. அவள் என்னிடம் கேட்க வந்தது நோயைப் பற்றி இல்லை. மறுபடி அந்தப் பழக்கத்துக்குப் போய்விடுவாரா என்று கேட்டாள். போக மாட்டான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். போனாலும் போவான், எழுதிக் கொடுக்க என்னால் ஆகாது, ஆனால் போன தடவை அவனே போன் பண்ணிக் கூப்பிட்டான் என்று அத்திப்பள்ளிக் கதையைச் சொன்னேன். அந்தக் கன்னடத்து அம்மா, தெலுங்குப் பெரியவர் எல்லாரையும் சொன்னேன். நடுவில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான். உன்னிடம் கேட்டுக்கொண்டு அவள் தன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாளாம். அந்த அம்மா இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லையாம். இன்று காலையில் தக்காளியைப் பையில் போட்டுக் கொடுத்து, நானும் அந்த மேடத்தைப் பார்க்கவேண்டும், கூட்டிக்கொண்டு போ என்றாராம். அதனால் நாளைக்கு யாரும் வரவில்லை. எப்போது வருவார்கள் என்று தெரியாது. வருவார்களா என்பதும் தெரியாது. "நான் இருக்கேன் அத்தை, அவங்களுக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்று சொல்லிவிட்டுக் கெலமங்கலம் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது துண்டை அவளே எடுத்துத் திரும்பத் தொங்கவிட்டுவிட்டு, நீங்க தூங்குங்க என்றாள். ஏழு வருஷத்தில் நான் இப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்லை.

நீ ஏன் போன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் முடிவு தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்க்கப் பயம். ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாய். உங்கப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வந்து தட்டுவார். அந்தத் தட்டு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தொறடா கண்ணு.

பானையில் எல்லாம் இனிமேல் வடிக்க மாட்டேன். நாளைக்குக் குக்கர்தான். தக்காளி நிறைய இருக்கிறது, ரசம் வைக்கிறேன். மாத்திரையை எடுத்துக்கொண்டு வா. எனக்கு நாளைக்கும் நைட் ஷிப்ட் முடிந்த தூக்கம்தான், கதவில் துண்டு தொங்கும். பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாதே. தட்டு.

அம்மா